பாட்டு வந்தது, கூடவே அப்புச்சியும்

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறுகிறவர்களுக்கு ஜன்னலோரம் கிடைப்பது பெரிதில்லை. ஸ்பீக்கருக்கு நேர் கீழே மாட்டிக்கொள்ளாமல் தப்புவதுதான் பெரிது. அன்றைக்கு நான் மாட்டிக்கொண்டேன். ஈச்சனாரி, மலுமிச்சம்பட்டி, ஒத்தக்கால்மண்டபம் என்று ஊர்கள் நகர நகர, எண்பதுகளின் பாட்டுகளும் தலைக்குமேல் நகர்ந்துகொண்டிருந்தன. கிணத்துக்கடவு மேம்பாலத்தில் வண்டி ஏறும்போது ஒரு பாட்டின் ஆரம்ப இசை வந்தது. பாடுகிறவர் இன்னும் வாய் திறக்கவில்லை. அதற்குள் நான் பஸ்ஸில் இல்லை.

அப்புச்சி தென்னைக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருக்கிறார். வரப்பின்மேல் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர். வாய்க்காலில் கால் விட்டபடி நான். ஈர மண் வாசம். "அந்த மடையைக் கொஞ்சம் தொறந்து உடு சாமி" என்கிறார். எல்லாம் இரண்டு, மூன்று நொடி. பிறகு கண்டக்டர் சில்லறை கேட்டார்.

அம்மாவைப் பெற்ற அந்த அப்புச்சி போய் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. போட்டோவைப் பார்த்தால் அவர் முகம் தெரியும், அவ்வளவுதான். குரல் மறந்துபோயிற்று என்று நினைத்திருந்தேன். அதை ஒரு பாட்டு எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு வந்தது. அதுவும் எனக்குப் பிடித்த பாட்டு ஒன்றும் இல்லை. பெயரைச் சொன்னால் சிரிப்பீர்கள், சொல்லப்போவதில்லை. கைபேசியில் நான் ஆசையாகச் சேர்த்துவைத்திருக்கும் முந்நூறு பாட்டுகளில் ஒன்றுகூட அப்புச்சியை இப்படிக் கூட்டிவந்ததில்லை. பிடித்த பாட்டுகள் செய்யாததை இந்தப் பாட்டு எப்படிச் செய்தது? அன்றிலிருந்து இதைத்தான் துருவிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்த வேகத்தைப் பார்ப்போம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், பழகிய பாட்டையும் பழகாத பாட்டையும் ஒரு நொடிக்கும் குறைவான துணுக்குகளாக வெட்டிக் கலந்து போட்டுக் காட்டினார்கள். கேட்பவர்களின் கண்மணி விரிவதையும் மூளையின் மின்னலைகளையும் அளந்தார்கள். ஒலி தொடங்கிய 100 முதல் 300 மில்லி நொடிக்குள், பழகிய பாட்டை மூளை பிரித்துவிடுகிறது. கண் சிமிட்டும் நேரம்தான். 'இது என்ன பாட்டு?' என்று நாம் யோசிக்கத் தொடங்கும் முன்பே உள்ளே வேலை முடிந்துபோகிறது.

அந்த நேரத்துக்குள் மெட்டு என்று ஒன்று உருவாகவே முடியாது. ஒரு சுரம் முழுசாக ஒலிப்பதே கஷ்டம். பிறகு எதை வைத்து மூளை அடையாளம் காண்கிறது? கனடாவைச் சேர்ந்த கிளென் ஷெல்லன்பெர்க் 1999-ல் வெளியிட்ட சோதனைகளில் இதற்குப் பதில் இருக்கிறது. பிரபலமான பாட்டுகளிலிருந்து பத்தில் ஒரு நொடித் துணுக்கைக் கேட்டே பலர் சரியாகச் சொன்னார்கள். உயர் அதிர்வெண்களை வடிகட்டி ஒலியின் நிறத்தை மாற்றியபோதும், துணுக்கைப் பின்னிருந்து முன்னாக ஓட்டியபோதும் தடுமாறினார்கள். ஆக, அடையாளம் இருப்பது ஒலியின் நிறத்தில். அந்தப் பதிவில் வயலின்கள் எப்படி உரசின, தபலாவின் தோல் எப்படி இருந்தது, எத்தனை எதிரொலி என்பதெல்லாம்தான் அந்தப் பாட்டின் கைரேகை. கல்யாண மேடையில் மெல்லிசைக் குழு அதே பாட்டைச் சுரம் பிசகாமல் பாடினாலும் நமக்குள் எதுவும் அசையாமல் இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். பாவம், அவர்கள்மேல் தப்பில்லை.

இனி மண்டைக்குள். கலிபோர்னியாவின் டேவிஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஜனாட்டா என்ற நரம்பியலாளர் 13 மாணவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துப் பாட்டுப் போட்டார். ஒவ்வொருவருக்கும் எட்டு வயதிலிருந்து பதினெட்டு வயதுக்குள் வெற்றிப்பட்டியலில் இருந்த பாட்டுகளிலிருந்து 30 துண்டுகள். 'இது எனக்கு ஒரு நினைவைக் கொண்டுவந்தது' என்று அவர்கள் சொன்ன நேரங்களில், நெற்றிக்கு நேர் பின்னே மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய முன்பகுதி உயிர்பெற்றது. 2009-ல் வெளியான இந்த ஆய்வில் என்னை நிறுத்திய விஷயம் வேறு. பாட்டின் சுரங்கள் எந்தப் பாதையில் ஏறி இறங்கினவோ, அதே பாதையை அந்தப் பகுதியின் செயல்பாடும் பின்தொடர்ந்தது. நினைவு வந்த பாட்டுகளில் அது இன்னும் பலமாகப் பின்தொடர்ந்தது. நம்மைப் பற்றி நாமே யோசிக்கும்போது வேலைசெய்கிற இடமும் இதுதான். 'நான் யார், எங்கே இருந்தேன், யாரோடு இருந்தேன்' என்ற கணக்கு எழுதப்படும் இடத்திலேயே பாட்டும் நடந்துபோகிறது.

அயோவா பல்கலைக்கழகத்தில் ஏமி பெல்ஃபியும் கூட்டாளிகளும் 2016-ல் பாட்டையும் முகத்தையும் மோதவிட்டார்கள். பிரபலமானவர்களின் படங்கள் ஒரு பக்கம், பிரபலமான பாட்டுகள் மறுபக்கம். எது எத்தகைய நினைவை எழுப்புகிறது என்று பேசவிட்டுப் பதிவு செய்தார்கள். எண்ணிக்கையில் முகங்கள் முந்தின. ஆனால் பாட்டு கிளப்பிய நினைவுகளில் இடம், மணம், யார் என்ன சொன்னார்கள் என்ற நுணுக்கங்கள் அதிகம். அப்புச்சியின் போட்டோ எனக்கு ஒரு முகத்தைத் தருகிறது, பாட்டு ஒரு வயலையே தந்தது.

ஏன் சில பொழுதுகள் மட்டும் இப்படி ஒட்டிக்கொள்கின்றன? உணர்ச்சி மிகுந்த நேரத்தில் உடலில் சுரக்கும் அட்ரினலின் வகைப் பொருள்கள், மூளையின் அமிக்டலா வழியாக, பக்கத்திலுள்ள ஹிப்போகாம்பஸை 'இதை அழுத்தி எழுதிக்கொள்' என்று உசுப்புகின்றன. 1994-ல் லாரி காஹிலும் ஜேம்ஸ் மெக்காவும் இதை நேர்த்தியாகக் காட்டினார்கள். விபத்தில் சிக்கிய ஒரு சிறுவனின் கதையைப் படங்களோடு சொல்லி, ஒரு வாரம் கழித்து என்ன ஞாபகமிருக்கிறது என்று கேட்டார்கள். மருந்து இல்லாமல் கேட்டவர்களுக்கு உருக்கமான பகுதி பளிச்சென்று நினைவில் இருந்தது. கதைக்கு முன் புரோப்ரனலால் மாத்திரை விழுங்கியவர்களுக்கு அந்தக் கூடுதல் பளிச் இல்லை, சாதாரணப் பகுதியைப்போலவே அதுவும் மங்கிவிட்டது. இதயப் படபடப்புக்கு நம்மூர் டாக்டர்களும் எழுதித்தரும் அதே மாத்திரைதான்.

உருக்கமான பொழுதில் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டும் சேர்ந்தே எழுதப்படுகிறது. நாம் கவனித்துக் கேட்க வேண்டும் என்றில்லை, ரசிக்க வேண்டும் என்றுகூட இல்லை. என் சித்தி ஒருத்தி அவளுடைய தெரட்டிச் சீர், அதாவது பூப்புச் சீர், அன்றைக்கு வாசலில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் ஓடிய பாட்டுகளை இன்றுவரை கேட்கமாட்டாள். ஊரே கேட்கும்படி அலறிய அந்தப் பாட்டுகளோடு பதின்மூன்று வயதின் கூச்சம் அப்படியே ஒட்டிக்கிடக்கிறது. ஸ்பீக்கர்காரருக்கு அது வெறும் கேசட்.

இந்த ஒட்டுதலுக்கு ஒரு வயது இருக்கிறது. நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், பத்து வயதிலிருந்து முப்பது வரையிலான நினைவுகள் மட்டும் மேடு தட்டி நிற்கும் என்பது உளவியலாளர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். பாட்டுக்கு அந்த மேடு இன்னும் முன்னால் வருகிறது. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர் கெல்லி யாகுபோவ்ஸ்கியின் குழு, 18 முதல் 82 வயது வரையிலான 470 பேரிடம் 1950-லிருந்து 2015 வரை வந்த பாட்டுகளைப் பற்றிக் கேட்டது. 2020-ல் வெளியான அந்த முடிவின்படி, தன் நினைவோடு அதிகம் ஒட்டியிருந்தவை ஏறத்தாழ 14 வயதில் வந்த பாட்டுகள்.

நம் ஊருக்கு இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1968-ல் பிறந்த ஒருவருக்கு 'அன்னக்கிளி' வந்த 1976-ல் வயது 8. 'ரோஜா' வந்த 1992-ல் வயது 24. ஆக, மூளை பாட்டுகளை அழுத்தி எழுதிக்கொள்ளும் பருவம் முழுவதையும் ஒரே இசையமைப்பாளர் ஆண்டிருக்கிறார். இளையராஜாவை அந்தத் தலைமுறை விட்டுக்கொடுக்காமல் வாதாடுவதில் பாதி இசையைப் பற்றியது, மீதிப் பாதி அவர்களுடைய பதினான்கு வயதைப் பற்றியது. இப்படிச் சொன்னதற்காக எனக்கு ஏச்சு விழும். நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால் நேராகப் பொருந்தாத ஒன்றும் உண்டு. 1990-களின் கடைசியில் பிறந்த பிள்ளைகள், அவர்கள் பிறப்பதற்கு முன் வந்த பாட்டுகளைக் கேட்டு எப்படிக் கண்கலங்குகிறார்கள்? கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் க்ரம்ஹான்ஸல், ஜஸ்டின் சுப்னிக் இருவரும் 2013-ல் இருபது வயதையொட்டிய மாணவர்களிடம் 1955 முதல் 2009 வரை முன்னணியில் இருந்த பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் பருவத்துப் பாட்டுகளில் மேடு இருந்தது, அது எதிர்பார்த்ததே. 1980-களின் தொடக்கத்தில், அதாவது அவர்களின் அப்பா அம்மா இளவட்டமாக இருந்த காலத்துப் பாட்டுகளில் இன்னொரு மேடு இருந்தது. அதற்கும் முந்தைய அறுபதுகளில் வேறொன்று. அது தாத்தா பாட்டியின் பங்காக இருக்கலாம் என்றார்கள். வீட்டில் ஓடிய பாட்டு, பிள்ளைக்குத் தன் நினைவாகவே சேர்ந்துவிடுகிறது.

கோவைக்கு இந்த அறுபதுகளின் மேட்டில் ஒரு சொந்தம் உண்டு. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில்தான் 1944-ன் 'ஹரிதாஸ்' எடுக்கப்பட்டது. ஜூபிடர் பிக்சர்ஸ் அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்த நாட்களில், எடுபிடி வேலை பார்த்துக்கொண்டு எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் ஒட்டிக்கொண்ட ஒரு பையன்தான் எம்.எஸ்.விஸ்வநாதன். கொங்கு நாட்டு அப்புச்சிகளும் அம்மாயிகளும் டிரான்சிஸ்டரில் கேட்ட பாட்டுகளில் எத்தனையோ, அந்தப் பையன் பின்னாளில் போட்ட மெட்டுகள்.

டிரான்சிஸ்டரைச் சொன்னதும் ஒன்று சொல்ல வேண்டும். பிபிசியில் 1942 முதல் ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. ஆளில்லாத தீவில் விடப்பட்டால் எந்த எட்டு இசைத்தட்டுகளை எடுத்துப்போவீர்கள், ஏன் என்று பிரபலங்களைக் கேட்பார்கள். கேத்தரின் லவ்டேயின் குழு அதில் 80 விருந்தினர்களின் தேர்வுகளை அலசியது. பாதித் தட்டுகள் அவர்களின் பத்து முதல் முப்பது வயதுக்குள் வந்தவை. ஏன் இந்தப் பாட்டு என்ற கேள்விக்கு 'இசை அற்புதம்' என்பதைவிட 'இதைக் கேட்டால் இன்னார் ஞாபகம் வருகிறார்' என்ற பதிலே அடிக்கடி வந்தது.

இதற்கு ஆய்வாளர்கள் தேவையில்லை, நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது முன்பே தெரியும். இலங்கை வானொலியில் கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் பேசிய காலம். 1966-ல் கோவைக்கே வானொலி நிலையம் வந்தது. அஞ்சலட்டையில் பாட்டின் பெயரை ஒரு வரியில் எழுதிவிட்டு, மீதி அட்டை முழுக்கப் பெயர்களை நிரப்புவார்கள். பாட்டு ஏற்கெனவே தெரிந்ததுதான். தன் பெயரும் ஊர்ப் பெயரும் அந்தப் பாட்டுக்கு முன்னால் ஒலிப்பதை, எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் கேட்க வேண்டும். அதற்காக எழுதியவர்கள் எத்தனை பேர்! பாட்டோடு ஆளை ஒட்டவைக்கும் வேலையைப் பத்து பைசா, பதினைந்து பைசா அட்டையில் அவர்களே செய்துகொண்டார்கள்.

சிட்னியின் மக்வாரி பல்கலைக்கழகத்தில் 'நம்ம பாட்டு' என்று தம்பதிகள் வைத்திருக்கும் பாட்டுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படி ஒரு பாட்டு இருக்கிற ஜோடிகளிடம் நெருக்கம் கூடுதலாக இருந்தது என்கிறார்கள். பாட்டால் நெருக்கமா, நெருக்கத்தால் பாட்டா என்பதை அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நம்மூரில் தொண்ணூறுகளில் கல்யாணம் ஆனவர்களைக் கேளுங்கள். அவர்களின் 'நம்ம பாட்டு' அவர்கள் தேர்ந்தெடுத்ததாகவே இருக்காது. தாலி கட்டும் காட்சிக்கு அடியில் எந்தப் பாட்டைப் போடலாம் என்று தீர்மானித்தது கல்யாண வீடியோவை மிக்ஸிங் செய்த ஸ்டுடியோக்காரர். பத்து கல்யாணத்துக்கு அதே பாட்டைப் போட்டிருப்பார். கேசட் தேயத் தேயப் பார்த்தவர்களுக்கு அது அவர்களுக்கு மட்டுமான பாட்டு.

கொங்குக் கல்யாணத்தில் சினிமாப் பாட்டுக்கு முன்பே ஒரு பாட்டு உண்டு. மங்கல வாழ்த்து. கம்பர் பாடியது என்பது வழிவழி நம்பிக்கை. ஊர் நாவிதரான குடிமகன் நின்று பாட, இடையிடையே மத்தளம் ஒரு தட்டுத் தட்டும். சீர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகும் அந்தப் பாட்டைக் கல்யாணத்துக்குக் கல்யாணம் கேட்கிறோம். அதனாலேயே அது எனக்கு எந்த ஒரு கல்யாணத்தையும் நினைவூட்டுவதில்லை. பந்தல், ஒரம்பரை, வாழையிலை, புதுச்சேலையின் மொடமொடப்பு என்று பொதுவாக 'கல்யாணம்' என்ற ஒன்றைத்தான் கொண்டுவருகிறது. இது குறையென்று சொல்லவில்லை. ஆனால் அப்புச்சியைக் கூட்டிவந்த பாட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் என் கேள்விக்கு விடை இருக்கிறது என்று தோன்றியது.

சாளைச் சுவரில் ஓர் ஆணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சட்டை தொங்கினால் இருட்டில் கையை நீட்டினாலும் அதுதான் வரும். அதே ஆணியில் இருபது சட்டையை மாட்டிவிட்டுத் துழாவினால்? ஓல்கா வாட்கின்ஸ், மைக்கேல் வாட்கின்ஸ் என்ற உளவியலாளர்கள் 1975-ல் சொற்பட்டியல்களை மனப்பாடம் செய்யவைத்துக் காட்டியது இதையே. ஒரு குறிப்போடு எத்தனைக்கெத்தனை அதிகமான விஷயங்கள் பிணைந்திருக்கின்றனவோ, அத்தனைக்கத்தனை அதை வைத்து ஒன்றைத் தனியாக எடுப்பது கடினம். ஆணியின் வலு குறையவில்லை. சட்டைகள் கூடிவிட்டன.

என் கைபேசியின் முந்நூறு பாட்டுகளையும் இட்டேரியில் நடக்கும்போது, சமைக்கும்போது, ஆபீசில், காய்ச்சலில், சண்டை போட்டுவிட்டு மொட்டைமாடியில் என எல்லா இடத்திலும் கேட்டுத் தீர்த்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் இருபது சட்டை. பஸ்ஸில் வந்த பாட்டை அந்த ஒரு காலத்துக்குப் பிறகு நான் கேட்கவே இல்லை. எனக்குப் பிடிக்காததால்தான் கேட்கவில்லை. கேட்காததால்தான் அதில் வேறு எதுவும் தொங்கவில்லை. பிடிக்காத பாட்டு என்பதே அப்புச்சியைப் பத்திரமாக வைத்திருந்த காரணம்.

இதே தர்க்கத்தில் நோம்பிப் பாட்டையும் பார்க்கலாம். பூச்சாட்டிக் கம்பம் நட்டதும் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏறும். எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள் விடியக்காலையில் தொடங்கும். வருஷத்தில் அந்தச் சில நாட்கள் மட்டும். மீதி நாட்களில் யாரும் வீட்டில் போட்டுக் கேட்பதில்லை. அதனால் அபுதாபியில் இருக்கிற ஒருவருக்கு யாரோ அனுப்பிய வீடியோவில் அந்தக் குரல் அரை நொடி கேட்டால் போதும், கம்பத்தைச் சுற்றி ஆடுகிற மாமன் மச்சான்கள் வந்துவிடுவார்கள்.

இழவு வீட்டு ஒப்பாரி இன்னும் கறாரானது. வேறெந்த நேரத்திலும் வாயெடுத்துப் பாடக்கூடாது என்று கட்டுப்பாடே உண்டு. விளையாட்டுக்குப் பாடிக் காட்டச் சொன்னால்கூட அம்மாயி வாயில் அடிப்பார். எழவுக்கு வரும் பெண்கள் கட்டிக்கொண்டு அழும்போது கவனித்திருப்பீர்கள், அந்த வீட்டுச் சாவுக்கு மட்டும் யாரும் அழுவதில்லை. ராகம் எழுந்ததும் அவரவர் வீட்டில் போனவர்கள் எல்லாரும் எழுந்து வந்துவிடுகிறார்கள். ஆணியில் பல சட்டைகள்தான், ஆனால் எல்லாம் ஒரே மாதிரிச் சட்டைகள்.

நினைவை ஒட்டவைப்பதில் உடம்புக்கும் பங்கிருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கத்தைச் சேர்ந்த எம்.பத்ரப்பன் வள்ளி ஒயில் கும்மியைத் தலைமுறைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர், ஆண்கள் மட்டும் ஆடிய ஆட்டத்தில் பெண்களையும் சேர்த்தவர். 2024-ல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது அவருக்கு 87 வயது. கோவை, திருப்பூர், ஈரோட்டு ஊர்களில் நூற்றுக்கணக்கில் நின்று ஒரே அடியெடுத்து ஆடுகிற கும்மி இப்போது மறுபடி பெருகியிருக்கிறது. ஆடி முடித்தவர்கள் பங்காளிப் பகையை மறந்து சிரித்துப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். 2015-ல் பிரேசில் பள்ளி மாணவர்களிடம் ப்ரோன்வின் டாரின் குழு சோதித்தது: ஒரே தாளத்தில் ஒரே அசைவைச் செய்தவர்களுக்கு வலி தாங்கும் அளவு கூடியது, கூட ஆடியவர்கள்மேல் நெருக்கமும் கூடியது. மூளை சுரக்கும் எண்டார்பின்களின் வேலை என்பது அவர்கள் கணிப்பு. காதால் கேட்ட பாட்டைவிடக் கைதட்டிச் சுற்றிய பாட்டில், பக்கத்தில் யார் நின்றார்கள் என்பது ஆழமாகப் பதிவதில் ஆச்சரியமில்லை.

அண்ணன்மார் கதை இன்னொரு ரகம். 1965-ல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர், உடுக்கடித்துப் பாடப்பட்ட அந்தக் கதையைப் பல இரவுகள் ஒலிநாடாவில் பதிந்தார். பொன்னரும் சங்கரும் விழப்போகும் இடத்துக்குக் கதை நெருங்கும்போது கூட்டத்தில் அருள் வரும், படுகளத்தில் ஆட்கள் சாய்வார்கள். முடிவு எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரிந்திருப்பதுதான் விஷயமே. மான்ட்ரியாலில் வலோரி சலிம்பூரும் ராபர்ட் சட்டோரேயும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், இசை கேட்டு மயிர்க்கூச்செறியும் நொடியில் மட்டுமல்லாமல் அதற்குக் கொஞ்சம் முன்பே, 'இதோ வரப்போகிறது' என்ற எதிர்பார்ப்பிலேயே மூளையின் வேறொரு பகுதியில் டோபமின் சுரப்பதைக் கண்டார்கள். உடுக்கையின் வேகம் மாறும்போது வெளியூர்க்காரர் தாளம் மாறியதைக் கேட்கிறார். ஊர்க்காரர் சங்கர் சாகப்போவதைக் கேட்கிறார்.

சரி, ஒரு பாட்டில் ஒட்டிய நினைவை வேறொன்று பிடுங்கிக்கொள்ள முடியுமா? நம் கண்முன் நடந்தது. 1991-ல் வந்த 'குணா'வின் அந்தக் கடிதப் பாட்டு ஒரு தலைமுறையின் காதல் கணக்கில் இருந்தது. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' அதைக் கொடைக்கானல் குகைக்குள் விழுந்த நண்பனோடு கட்டிவிட்டது. தியேட்டரில் அழுதுவிட்டு வந்த என் நண்பர் ஒருவர் சொன்னார்: "முப்பது வருஷமா அந்தப் பாட்டுன்னா ஒருத்தி முகம் வருமுங்க. இப்ப கயிறுதான் வருது." பிறகு ரீல்ஸ்களில் அது பட்ட பாடு சொல்லி மாளாது.

2000-ல் நியூயார்க்கில் கரீம் நாடெர், ஜோசப் லெடூ ஆகியோர் எலிகளிடம் காட்டிய ஒன்று இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. பதிந்து உறைந்த அச்ச நினைவையும், அதை மறுபடி எழுப்பும்போது, மூளை புதிதாகப் புரதம் உண்டாக்கி மீண்டும் உறையவைக்க வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில் அதைக் குலைக்க முடிகிறது. மனிதர்களிடம் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. ஆனாலும், எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நினைவில் நம் கைரேகை படுகிறது என்ற அளவுக்கு ஒப்புக்கொள்ளலாம். கிணத்துக்கடவில் நான் கேட்ட அப்புச்சியின் குரல், அடுத்த முறை பஸ்ஸின் டீசல் வாடையோடு வரக்கூடும்.

மறதி நோய் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, கோவையைச் சுற்றி முதியோர் குடியிருப்புகள் பெருகியிருக்கும் இந்த நாளில் முக்கியமாக. அல்சைமர் வந்தவர்கள் மகளையே மறந்தாலும் பாட்டை மறப்பதில்லை என்ற வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. அதற்கு ஆதாரம் உண்டு. லைப்சிக்கின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர் 2015-ல், நெடுநாள் பழகிய பாட்டுகளின் நினைவைத் தாங்கும் மூளைப் பகுதிகளையும், அல்சைமர் தின்றுபோகும் பகுதிகளையும் ஒப்பிட்டார்கள். பாட்டுப் பகுதிகள் ஒப்பீட்டளவில் கடைசிவரை தப்புகின்றன. நோயின் தொடக்கத்தில் உள்ளவர்களுக்கு, தாமே தேர்ந்த பாட்டைப் போட்டால் சொந்த நினைவுகள் சீக்கிரமும் தெளிவாகவும் வருவதை பிரான்சில் முஹம்மது எல் ஹஜ் காட்டியிருக்கிறார்.

ஆனால் வீடியோக்கள் காட்டாத ஒன்று உண்டு. பாட்டின் நினைவும், பாட்டோடு ஒட்டிய ஆளின் நினைவும் வேறு வேறு இடத்துச் சரக்கு. எங்கள் பெரியம்மா கடைசி வருஷங்களில் கும்மிப் பாட்டை அடி பிசகாமல் பாடுவார், கை தாளம் தப்பாது. யாரோடு ஆடியது என்று கேட்டால் நம்மையே பார்ப்பார். கூட ஆடிய நாலு பேரும் கரைந்துவிட்டார்கள், தாளம் மட்டும் நின்றது. அதனால், வீட்டில் எழுபது தாண்டியவர் இருந்தால் பிடித்த பாட்டு எது என்று கேட்டுக் குறித்துவைப்பது பாதி வேலைதான். அந்தப் பாட்டு ஓடியபோது பக்கத்தில் யார் இருந்தது, எந்தக் காடு, எந்த மில்லின் எந்த ஷிப்ட் என்பதையும் இப்போதே கேட்க வேண்டும். சில பாட்டுகள் வேண்டாத பொழுதுகளையும் இழுத்துவரும். முகம் சுருங்கினால் நிறுத்திவிட வேண்டியதுதான்.

பொள்ளாச்சி வந்தது. எல்லாரும் இறங்கியபின் கண்டக்டரிடம் போய், கிணத்துக்கடவில் ஓடிய அந்தப் பாட்டைக் கேட்டேன். பெயரைச் சொன்னதும் அவரும் சிரித்தார். கைபேசியை எடுத்துத் தேடினால் ஒரு நொடியில் வந்துவிடும். எடுக்கவில்லை.

"திரும்பி எத்தனை மணிக்குங்க எடுப்பீங்க?"

"பத்து நிமிசத்துலைங்க. ஆனா அந்தப் பாட்டுக்காக ஏறுறதுன்னா வேண்டாமுங்க" என்றார் அவர், பென்டிரைவைத் தட்டிக்காட்டி. "இதுல எழுநூறு பாட்டு கெடக்குது. அது எப்ப வரும்னு எனக்கே தெரியாதுங்."